ஐயப்பன் மாத்திரையை நிறுத்தச் சொன்னாரா?

வாசகர் கேள்விகளுக்குத் தருமபுரியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் பதில் சொல்கிறார்

கார்த்திகை பிறந்ததும் நம்ம ஊர் பேருந்து நிலையம் முழுக்கக் கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாகிவிட்டது. எனக்கு வந்த கடிதங்களும் அப்படித்தான். பெரும்பாலும் சாமியையும் வீட்டையும் சேர்த்தே கேட்டிருக்கிறீர்கள். நான் சாமி கும்பிடுகிறவள். செவ்வாய், வெள்ளி விளக்கேற்றாமல் எனக்குப் பொழுது போகாது. அதைத் தெரிந்துகொண்டே இந்தப் பதில்களைப் படியுங்கள்.

*

அக்கா, என் வீட்டுக்காரருக்கு 52 வயது. ஏழு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட்டவர், அன்றிலிருந்து மாத்திரையை நிறுத்திவிட்டார். "ஒரு மண்டலம் ஐயப்பன் பார்த்துக்குவார், விரதத்துல மருந்து எதுக்கு" என்கிறார். ஒருவேளைச் சாப்பாடு, செருப்பில்லாத நடை. ஏதாவது சொன்னால் "சாமி காரியத்துல குறுக்க வராத" என்று அடக்கிவிடுகிறார். நான் என்ன செய்வது?
— பெயர் வேண்டாம், பென்னாகரம்

தங்கச்சி, நீங்கள் குறுக்கே வரவில்லை. விடிகாலையில் எழுந்து, தலைக்கு ஊற்றிக்கொண்டு, வீட்டைக் கழுவிவிட்டு, அவருக்குத் தனியாகச் சமைத்துப் போடுவது யார்? அந்த விரதத்தில் பாதி உங்களுடையது. அதனால் பேசுங்கள். பயப்படாமல் பேசுங்கள்.

மாலை போட்டவர் எதையெல்லாம் விட வேண்டும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். மது, மாமிசம், பீடி சிகரெட், தாம்பத்தியம், கோபம், பொய். இதில் சர்க்கரை மாத்திரை எங்கே வருகிறது? பம்பையில் ஆஸ்பத்திரி இருக்கிறது. நீலிமலை, அப்பாச்சிமேடு ஏற்றத்தில் ஆக்ஸிஜன் வைத்துக்கொண்டு அவசர மருத்துவ மையங்களில் ஆட்கள் காத்திருக்கிறார்கள். சாமியின் மலையிலேயே மருந்துக்கு இடமிருக்கும்போது உங்கள் வீட்டு அலமாரியில் ஏன் இருக்கக் கூடாது?

மாத்திரையை நிறுத்தினால் உடனே ஒன்றும் தெரியாது. அதுதான் சிக்கல். பத்து நாள் போனதும் "பாரு, நல்லாத்தான இருக்கேன்" என்பார். அடிக்கடி சிறுநீர் போகும், வாய் வறளும், அசதியாக இருக்கும். அதையெல்லாம் விரதக் களைப்பு என்று நினைத்துக்கொள்வார். உள்ளே கண்ணின் நரம்பிலும் சிறுநீரகத்திலும் காலிலும் நடப்பது சத்தம் போடாது.

மாத்திரையைப் பழையபடி ஆரம்பிக்கும்போதும் கவனம் வேண்டும். ஒருவேளை மட்டும் சாப்பிட்டுக்கொண்டு முழு அளவு மாத்திரையை விழுங்கினால் வேறு ஆபத்து. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை சட்டென்று இறங்குவது அபூர்வம். கூடவே கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ இருந்தால் பட்டினி வயிற்றில் இறங்கிவிடும். கை நடுங்கும், குப்பென்று வியர்க்கும், படபடப்பு வரும், பேச்சு குழறும். அந்த நேரத்தில் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், கால் மணி நேரம் கழித்துச் சாப்பிட வையுங்கள். நினைவில்லாமல் விழுந்துவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-க்குக் கூப்பிடுங்கள். ஆகவே மருத்துவரிடம் போய், "மாலை போட்டிருக்கேன், இப்படித்தான் சாப்பிடறேன், மருந்தை எந்த வேளைக்கு மாத்தலாம்" என்று அவரே கேட்கட்டும். எந்த மருத்துவரும் மாலையைக் கழற்றச் சொல்ல மாட்டார். ஒருவேளை என்பதை மூன்று சின்ன வேளையாகப் பலகாரமாகச் சாப்பிடுகிற சாமிமார்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

அப்புறம் கால். எனக்கு அதிகம் கவலை இதில்தான். சர்க்கரை பல வருடம் இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறையும். முள் ஏறினாலும் தெரியாது, சூடான தார் ரோட்டில் கொப்புளம் வந்தாலும் தெரியாது. தினமும் ராத்திரி பூஜை முடிந்ததும் அவரை உட்கார வைத்து, டார்ச் அடித்து உள்ளங்காலைப் பாருங்கள். விரல் இடுக்கை ஒவ்வொன்றாக விரித்துப் பாருங்கள். குதிகால் வெடிப்பில் மண் புகுந்திருக்கும், அதைக் கழுவி ஈரம் போகத் துடையுங்கள். சிவப்போ, கொப்புளமோ, கசிவோ இருந்தால் மறுநாளே ஆஸ்பத்திரி. செருப்புப் போடலாமா என்று குருசாமியைக் கேளுங்கள். விவரமான குருசாமி போடச் சொல்வார்.

இன்னொரு யோசனை. வீட்டுப் பேச்சு எடுபடாத இடத்தில் குருசாமி பேச்சு எடுபடும். நீங்களே போய்ச் சொல்லுங்கள். இருமுடி கட்டும் முன் "மருந்து வெச்சிருக்கியா சாமி" என்று அவர் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

பணிக்காலத்தில் உங்கள் பக்கத்திலேயே ஒரு குடும்பத்தைப் பார்த்தேன். அவரும் பக்தி உள்ளவர், கடுமையாக உழைத்தவர். புண்ணைக் கவனிக்காமல் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. அவர் மனதைத் தேற்றிக்கொண்டார், "சாமி சித்தம்" என்றார். அந்த அம்மா அடுத்த வாரமே செங்கல் சூளைக்கு வேலைக்குப் போனார், பையன் பள்ளிக்கூடத்தை விட்டு கறிக்கோழிப் பண்ணைக்குப் போனான். சித்தம் என்று சொன்னவர் ஒருவர், அதைச் சுமந்தவர்கள் வேறு இருவர். உங்கள் வீட்டுக்காரரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். உடம்பு அவருடையது, சரி. அந்த உடம்பை நம்பி எத்தனை தட்டு வீட்டில் இருக்கிறது என்பதையும் ஐயப்பன் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

மாத்திரைக்கு அலைய வேண்டும் என்ற சாக்கும் இப்போது கிடையாது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கியதே பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே வந்து தருகிறார்கள். உங்கள் துணை சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

*

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன் அம்மா. தேர்ச்சி பெற்றால் தீர்த்தமலைக்கு நடந்தே வருகிறேன் என்று வேண்டிக்கொள்ளலாமா?
— வாசகர், அரூர்

தாராளமாக, தம்பி. ஆனால் "தேர்ச்சி பெற்றால்" என்று ஏன் நிபந்தனை? பாடத்திட்டத்தை ஒருமுறை முழுதாக முடித்த வாரத்தில் மலை ஏறிவிட்டு வாருங்கள். ராமர் தீர்த்தம் தலையில் விழும்போது வருகிற தெளிவு தேர்வு முடிவுக்காகக் காத்திருக்காது. இறங்கி வந்ததும் பழைய வினாத்தாளை எடுங்கள்.

*

என் மகன் லாரி ஓட்டுகிறான். வண்டி கிளம்பும்போதெல்லாம் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்துத்தான் எடுப்பான். தேய்பிறை அஷ்டமிக்கு அதியமான்கோட்டை பைரவருக்கு நான் பூசணி விளக்குப் போடுகிறேன். போன வாரம் பேச்சுவாக்கில், தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரலில் விட்டுவிடுவேன், டீசல் மிச்சமாகும் என்றான். ஓனரும் அதைத்தான் விரும்புகிறாராம். எனக்குத் தூக்கமே போய்விட்டது. வேறு ஏதாவது பரிகாரம் உண்டா?
— ஒரு தாய், நல்லம்பள்ளி

அம்மா, அஷ்டமிக் கூட்டத்தில் நானும் உங்கள் பக்கத்தில் நின்றிருப்பேன். சாம்பல் பூசணியை இரண்டாக வெட்டி, விதையை வழித்து எடுத்து, எண்ணெய் விட்டுத் திரி போட்டுக் கையில் ஏந்திக்கொண்டு நிற்கும்போது ஒவ்வொரு தாயும் யாருக்காக நிற்கிறாள் என்று முகத்திலேயே தெரியும். அந்த விளக்கை விடாதீர்கள்.

பரிகாரம் உங்கள் மகனின் கையில், கியர் தடியில் இருக்கிறது. பாரம் ஏற்றிய வண்டி கியரில் இறங்கும்போது இன்ஜினே அதை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் விட்டால் அந்தப் பிடி போய்விடும். மொத்தப் பாரமும் பிரேக் மேல் விழும். மிதிக்க மிதிக்க டிரம் சூடேறும். ஓர் அளவுக்கு மேல் சூடேறினால் லைனிங் பிடிக்காது. அப்போது எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. தருமபுரியிலிருந்து சேலம் போகிற பக்கம் முழுக்க இறக்கம், வளைவு. இரட்டைப் பாலத்துக்கிட்ட நடந்த விபத்துகளை நல்லம்பள்ளிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எந்த கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள். உங்கள் மகனுக்கும் யாராவது சொல்லித்தான் கொடுத்திருப்பார்கள்.

டீசல் கணக்குக்கும் பதில் இருக்கிறது. இப்போது வருகிற வண்டிகளில், கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே இன்ஜினுக்கு டீசல் போவது ஏறக்குறைய நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கக் கொஞ்சம் டீசல் குடிக்கும். ஓனரிடம் இதைச் சொல்லச் சொல்லுங்கள். அவர் கேட்கவில்லை என்றால் வேறு வண்டி தேடச் சொல்லுங்கள். சம்பளம் கொடுக்கிறவர் ஓர் உயிரை இறக்கத்தில் உருட்டிவிடச் சொல்ல அவருக்கு எந்த உரிமையும் இல்லை.

மகனிடம் பேசும்போது "உனக்கு ஏதாவது ஆயிடும்" என்று ஆரம்பிக்காதீர்கள். இளவட்டத்துக்கு அது உறைக்காது. முன்னால் பைக்கில் போகிற புருஷன் பெண்டாட்டி, நடுவில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிற குழந்தை, அவர்களைப் பற்றிக் கேளுங்கள். அவர்கள் எலுமிச்சம்பழம் வைக்கவில்லை, டீசலும் மிச்சம் பிடிக்கவில்லை. பைரவர் அவர்களுக்கும் காவல் தெய்வம்தான். காவல் காக்கிறவருக்கு விளக்கேற்றுகிற வீட்டுப் பிள்ளை, ரோட்டில் இன்னொருவருக்குக் காவலாக இருக்க வேண்டும்.

*

ஊர் மாரியம்மன் கோவில் கும்பாபிஷேகத்துக்கு ஒரு லட்சம் தருவதாகக் கூட்டத்தில் சொல்லிவிட்டேன். இந்தப் பருவத்தில் பெங்களூரா மாங்காய் விலை படுத்துவிட்டது. காய் பறித்த ஆட்களுக்கே இன்னும் கூலி பாக்கி. கையில் இருப்பது கோவிலுக்கா, ஆட்களுக்கா? அம்மனுக்குச் சொன்ன வார்த்தை தவறினால் குத்தமாகாதா?
— தோட்டக்காரர், காவேரிப்பட்டணம்

ஆட்களுக்கு, ஐயா. இன்றைக்கே கொடுங்கள்.

மாங்காய்ப் பால் பட்ட கையை எங்கள் ஆஸ்பத்திரியில் நிறையப் பார்த்திருக்கிறேன். காம்பு ஒடிந்ததும் பீச்சியடிக்கிற அந்தப் பால் பட்ட இடம் கறுத்து, வெந்து, தோல் உரியும். கன்னத்திலும் கழுத்திலும் அந்தத் தழும்போடுதான் அவர்கள் உங்கள் மரத்திலிருந்து இறங்கினார்கள். வேலை முடிந்துவிட்டது, கூலி மட்டும் உங்கள் பையில் இருக்கிறது. அது உங்கள் பணமே கிடையாது. அடுத்தவர் பணத்தை எடுத்து உங்கள் பெயரில் அம்மனுக்குக் கொடுக்க முடியுமா? பிள்ளைக்கு நோட்டு வாங்கவும் அரிசிக்கடை பாக்கி தீர்க்கவும் அதைத்தான் அவர்கள் நம்பியிருக்கிறார்கள்.

இது ஒரு மதத்துக்காரர் பேச்சு இல்லை. கிருஷ்ணகிரியில் ஹஜ்ஜுக்குப் புறப்படுகிற பெரியவர்கள் கொடுக்க வேண்டிய கடனைத் தீர்த்து, மனத்தாங்கல் உள்ளவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள். காணிக்கையோடு பலிபீடத்துக்கு வந்தவனுக்குச் சகோதரனோடு மனக்குறை நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானமாகு என்று பைபிள் சொல்கிறது. எலத்தகிரி மாதா கோவில்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

கோவில் கமிட்டியிடம் நேரில் போய் நிலைமையைச் சொல்லுங்கள். இந்த வருடம் பத்தாயிரம், மீதி அடுத்தடுத்த பருவத்தில் என்று எழுதிக்கொடுங்கள். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிற காரியம், அதற்குப் பிறகும் கோவிலுக்குச் செலவு இருந்துகொண்டேதான் இருக்கும். சபையில் தலை குனிய வேண்டுமே என்று தயங்குகிறீர்கள், அது புரிகிறது. அந்தத் தயக்கம் ஊருக்காக வருவது. அம்மனுக்கு அதில் சம்பந்தமில்லை.

*

எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் பல்லில் பழுப்புக் கறை. காவிரித் தாய்க்குச் செய்ய வேண்டியதைச் செய்யாத குத்தம் என்று பாட்டி சொல்கிறார். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போய் வந்தால் சரியாகுமா?
— கல்லூரி மாணவி, பாலக்கோடு

ஒகேனக்கல் போங்கள் கண்ணு, ஆனால் கறை குத்தத்தால் வந்ததில்லை. நம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பல இடங்களில் நிலத்தடிப் பாறையில் ஃபுளோரைடு அதிகம். ஒரு லிட்டர் தண்ணீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. அதைத் தாண்டிய போர் தண்ணீரைச் சின்ன வயதில் குடித்து வளர்ந்தால் முளைக்கிற பல்லிலேயே கறை விழுந்துவிடும், அது தேய்த்துப் போகாது. அதிகமாகி வருடக்கணக்கில் தொடர்ந்தால் எலும்பும் மூட்டும் இறுகும். இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்தது. காவிரித் தாய் உங்கள் தெருக் குழாய்க்கே வந்துவிட்டாள் என்று பாட்டியிடம் சொல்லுங்கள்.

குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தண்ணீரை மட்டும் எடுங்கள். "போர் தண்ணிதான் ருசி" என்று வீட்டில் சொல்வார்கள், கேட்காதீர்கள். காய்ச்சினாலும் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்றக் கூடத்தான் செய்யும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் பல்லையாவது காப்பாற்றலாம். ஆடிப்பெருக்குக்குப் போகும்போது எண்ணெய்ப் பாக்கெட்டையும் பழைய துணியையும் ஆற்றில் விடாமல் திரும்புங்கள். அதே தண்ணீரைத்தான் நாம் குடிக்கிறோம்.

*

என் மகளுக்குப் 16 வயது, பத்தாவது முடித்திருக்கிறாள். நல்ல இடம் வந்திருக்கிறது. இந்தத் தையை விட்டால் குரு பலன் போய்விடும் என்கிறார் ஜோசியர். மாமியார் குலதெய்வம் கோவிலில் பூக்கட்டிப் பார்த்தார், வெள்ளைப் பூ வந்துவிட்டது. "சாமியே உத்தரவு கொடுத்துடுச்சு" என்று வீட்டில் நாள் குறிக்கிறார்கள். மகள் மேலே படிக்கணும் என்று அழுகிறாள். எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை அக்கா.
— ஒரு தாய், அஞ்செட்டி

இந்தக் கடிதத்துக்குத் தபாலிலும் உடனே பதில் போட்டுவிட்டேன். மற்ற தாய்மார்களும் படிக்க வேண்டும் என்பதற்காக இங்கேயும் எழுதுகிறேன்.

ஜோசியர் கணக்கையே எடுத்துக்கொள்வோம். குரு ஒரு ராசியில் ஏறக்குறைய ஒரு வருடம் இருப்பார். ஜென்ம ராசிக்கு 2, 5, 7, 9, 11-இல் வரும்போது குரு பலன் என்கிறார்கள். விரல் விட்டு எண்ணிப் பாருங்கள், ஒருமுறை போனால் அதிகபட்சம் இரண்டு வருடத்தில் திரும்ப வந்துவிடும். உங்கள் மகளுக்கு அப்போது 18 முடிந்திருக்கும். அதற்கப்புறமும் வரும், வந்துகொண்டே இருக்கும். குரு காத்திருக்கிறார், அவசரம் மாப்பிள்ளை வீட்டாருக்கு.

பூ விஷயம். வெள்ளைப் பூ, சிவப்புப் பூ என்று பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு எடுத்தார்கள். என்ன கேட்டுப் போட்டார்கள்? "இந்த இடத்தை முடிக்கலாமா" என்று. "பொண்ணுக்கு வயசு ஆகட்டுமா, படிக்க வைக்கலாமா" என்று யாரும் ஒரு பொட்டலம் கட்டவில்லையே. வீட்டில் ஏற்கெனவே எடுத்த முடிவுக்குச் சாமியைக் கையெழுத்துப் போட வைக்கிறார்கள். நாளைக்கு ஏதாவது தப்பாகப் போனால் "சாமிதான் சொல்லுச்சு" என்று எல்லோரும் ஒதுங்கிக்கொள்ளலாம். உங்கள் மகள் மட்டும் எங்கே ஒதுங்குவாள்?

பிரசவ வார்டில் வருடக்கணக்கில் நின்றவள் சொல்கிறேன். பதினாறு வயதில் இடுப்பெலும்பு முழுதாக வளர்ந்திருக்காது. ரத்தம் பத்தாது. ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வருவதும், வலி எடுத்தும் குழந்தை இறங்காமல் நிற்பதும், பிறக்கிற குழந்தை எடை குறைவாகப் பிறப்பதும் இந்த வயதுத் தாய்களுக்கு அதிகம். அந்தக் கட்டிலில் அவள் பக்கத்தில் ஜோசியரும் இருக்க மாட்டார், மாமியாரும் வெளியேதான் நிற்பார். அந்தப் பிள்ளைகள் வலியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சாமியைக் கூப்பிட்டதில்லை. "அம்மா" என்றுதான் கத்தினார்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி இதை நடத்துகிறவர்களுக்கும் உடந்தையாக இருக்கிற பெற்றோருக்கும் இரண்டு வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம் உண்டு. உடந்தையாக இருக்கிற பெண்களுக்கு மட்டும் சிறை இல்லை, அபராதம் உண்டு. மாப்பிள்ளை மேல் போக்சோ வழக்கும் வரும். கர்ப்பம் பதிவு செய்யும்போதே வயது தெரிந்துவிடும், ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போகும்.

முதலில் வீட்டுக்காரரைத் தனியாகப் பிடித்துப் பேசுங்கள், மாமியார் இல்லாத நேரமாக. குரு பலன் கணக்கைக் காட்டுங்கள், வழக்கையும் சொல்லுங்கள். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், சில அப்பாக்களுக்கு அந்தப் பேச்சு புரியும். மசியவில்லை என்றால் 1098-க்குப் போன் செய்யுங்கள். நீங்களும் செய்யலாம், உங்கள் மகளும் செய்யலாம். யார் சொன்னது என்று வெளியே விட மாட்டார்கள். மாவட்ட சமூக நல அலுவலர்தான் இதைத் தடுக்கிற அதிகாரி, அவரிடமும் போகலாம். "வீட்டுக் காரியத்தைப் போலீஸ் வரை கொண்டு போயிட்டா" என்று உங்களைப் பேசுவார்கள். பேசட்டும். ஒரு வருடம் பேசுவார்கள், நீங்கள் தாங்கிக்கொள்வீர்கள்.

மகளின் மதிப்பெண் பட்டியலும் மாற்றுச் சான்றிதழும் யார் கையில் இருக்கிறது என்று இன்று ராத்திரியே பார்த்துவிடுங்கள். உங்கள் அம்மா வீட்டில் கொண்டுபோய் வைத்தால் நல்லது. பதினொன்றாம் வகுப்பில் இன்னும் சேர்க்கவில்லை என்றால், பத்தாவது படித்த பள்ளித் தலைமையாசிரியரை நீங்கள் நேரில் போய்ப் பாருங்கள். பாதி வருடம் ஆகிவிட்டதே என்று தயங்க வேண்டாம்.